மலையடி வழியில் மிதிவண்டி

மிதிவண்டி என்றதும் நம் நினைவில் எழுவது பெரும்பாலும் சமதரைச் சாலையே. பள்ளிக்கு விரையும் மாணவர், கடிதப் பை தாங்கிய தபால்காரர், இருபுறமும் பாத்திரங்களைத் தொங்கவிட்ட பால்காரர் ஆகியோரை அதன்மேல் கண்டு பழகியவர்கள் நாம். அதே வண்டி மலைச்சரிவில் ஏறும், காட்டோரத்து ஒற்றையடிப் பாதையில் ஓடும், ஓடைக் கற்களைக் கடந்து அக்கரை சேரும் என்று சொன்னால் வியப்பாகத் தோன்றக்கூடும். ஆயினும் 2023-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26 முதல் 29 வரை, திருவனந்தபுரம் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொன்முடி மலையில் இக்காட்சியைப் பலர் நேரிற் கண்டனர். ஆசிய மலை மிதிவண்டிப் போட்டியின் 28-ஆவது தொடர் அங்கே நடைபெற்றது. ஏறத்தாழ 20 நாடுகளைச் சேர்ந்த வீரரும் வீராங்கனைகளும் அதில் கலந்துகொண்டனர். இந்திய மண்ணில் அப்போட்டி நடந்தது அதுவே முதன்முறையாகும்.

போட்டிக்கென ஆராய்ந்து வெட்டிய தடம் ஒருவகை. மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்து உண்டாக்கிய ஊர்வழி மற்றொருவகை. போட்டி நான்கு நாளில் முடிந்துவிடும். ஊர்வழியோ ஆண்டு முழுதும் ஊராருக்கு வேண்டும். பொன்முடிக்குத் தெற்கே, அதே மலைத்தொடரின் அடிவாரத்தில், கேரளமும் தமிழ்நாடும் கைகோக்கும் பனச்சமூட்டைச் சுற்றி இத்தகைய ஊர்வழிகள் பல உள. அவ்வழிகளில் மிதிவண்டி ஓடலாமா, எங்கே ஓடலாம், எங்கே ஓடலாகாது என்பதே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இப்பொருளில் தனியே ஓர் உரிமையும் கடமையும் உண்டு. பெங்களூரிலும் புனேயிலும் மலை மிதிவண்டி பழகிய பிள்ளைகள் விடுமுறையில் தாத்தாவின் ஊருக்கு வருகின்றனர். வந்தவர் கண்ணில் முதலிற் படுவது வீட்டின் பின்புறத்து ரப்பர்த் தோட்டத்து வழியே. அந்த வழி யாருடையது, எதற்காக உண்டாயிற்று, மழைநாளில் அதற்கு நேர்வது யாது என்பனவற்றை அப்பிள்ளைகட்கு யாரேனும் எடுத்துரைக்க வேண்டுமன்றோ?

ஊரும் எல்லையும்

பெயரில் வரும் 'மூடு' என்னும் சொல் மரத்தின் அடியைக் குறிப்பது. மஞ்சாலுமூடு, கடையாலுமூடு என அண்டையூர்ப் பெயர்களிலும் இச்சொல் பயில்கிறது. மர நிழலில் கூடி இளைப்பாறிய இடங்கள் சந்தைகளாகி, சந்தைகள் ஊர்களான வரலாற்றை இப்பெயர்கள் நமக்கு நினைவூட்டுகின்றன. திருவனந்தபுரத்திலிருந்து பனச்சமூடு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒருபுறம் வெள்ளறடை, மறுபுறம் புலியூர்சாலையும் அருமனையும். சந்தையில் மரச்சீனியும் வாழைக்குலையும் மீனும் விலைபேசப்படும்போது தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருவதைக் கேட்கலாம்.

இருபுறத்து ஊர்களும் முன்னாளில் திருவிதாங்கூர் அரசிற்கு உட்பட்டிருந்தன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதனால் விளவங்கோட்டிற்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே மாநில எல்லை அமைந்தது. எல்லை வரையப்பட்டதேயன்றி, மக்கள் நடந்த வழிகள் மாறவில்லை. ஒரு மாநிலத்து வீட்டிலிருந்து மறு மாநிலத்துக் கோயிலுக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் செல்வோர் பழைய வழியிலேயே சென்றனர். 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் எல்லையோரச் சிறுவழிகள் பல அடைக்கப்பட்டபோதுதான், நாள்தோறும் எண்ணாமல் மிதித்து நடந்த ஒரு வழியின் அருமை என்னவென்பது பலர்க்கும் விளங்கிற்று.

நிலத்தின் அமைப்பையும் சிறிது அறிதல் வேண்டும். வடகிழக்கே அகத்தியமலை 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அதன் சரிவில் தோன்றும் நெய்யாறு, அணையைக் கடந்து நெய்யாற்றின்கரை வழியாகச் சென்று பூவாற்றில் கடலை அடைகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீட்டர். தென்கிழக்கே கோதையாறு திற்பரப்பில் அருவியாக வீழ்ந்து, பறளியாற்றோடு கூடிக் குழித்துறைத் தாமிரபரணியாகித் தேங்காப்பட்டணத்தில் கடலிற் கலக்கிறது. நெல்லைச் சீமையின் தாமிரபரணி வேறு, இது வேறு. இவ்விரு ஆறுகளின் பள்ளத்தாக்குகளுக்கும் நடுவே ஏறி இறங்கிக் கிடக்கும் மேட்டுநிலமே பனச்சமூட்டுப் பகுதி. ஏற்றத்தின் உச்சியில் ரப்பர், சரிவில் மரச்சீனியும் மிளகும், பள்ளத்தில் வாழையும் தென்னையும், அவற்றின் நடுவே ஓடை என்பதே இங்குள்ள நில ஒழுங்கு. ஒரு மணி நேரத்திற்குள் பத்து ஏற்றமும் பத்து இறக்கமும் காணக்கூடிய இத்தகைய நிலத்தையே மலை மிதிவண்டிக்காரர் நாடுகின்றனர்.

வண்டியின் நுட்பம்

சாதாரண மிதிவண்டிக்கும் மலை மிதிவண்டிக்கும் உள்ள வேறுபாடு நான்கு உறுப்புகளில் அடங்கும்.

முதலாவது டயர். பந்தயச் சாலையில் ஓடும் வண்டியின் குறுகிய டயரில் சதுர அங்குலத்திற்கு 100 பவுண்டு வரையிலும் காற்றழுத்தம் வைப்பதுண்டு. மலை மிதிவண்டியின் டயர் இரண்டு அங்குல அகலமோ அதற்கு மேலோ இருக்கும். அழுத்தமோ 20 முதல் 30 பவுண்டு அளவே. அழுத்தம் குறைந்த டயர் கல்லின்மீது ஏறுங்கால் அதன் வடிவிற்கேற்பக் குழிந்து கொடுக்கிறது. ஆகவே பிடிப்பு மிகுகிறது. டயரின் மேலுள்ள தடித்த முட்டுகள் மண்ணைப் பற்றிக்கொள்கின்றன.

இரண்டாவது பற்சக்கரங்கள். நம் வழக்கமான வண்டியில் மிதியை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் இரண்டு சுற்றுக்கும் மேல் உருளும். சமதரையில் விரைந்து செல்ல அது ஏற்றது. செங்குத்தான ஏற்றத்திலோ கால் ஓய்ந்துவிடும். மலை மிதிவண்டியில் முன்பற்சக்கரத்தில் 32 பற்களும், பின்புறத்துப் பெரிய பற்சக்கரத்தில் 48 பற்களும் உள்ளன என்று கொள்வோம். அப்போது மிதி ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் மூன்றில் இரண்டு பங்கே சுற்றும். வேகம் குறைகிறது, ஆனால் குறைந்த உந்துதலே போதுமாகிறது. பளுதூக்கும் கப்பித் தொகுதியில் நாம் காணும் தத்துவமே இங்கும் செயற்படுகிறது.

மூன்றாவது, முன்சக்கரத்தைத் தாங்கும் கவை. அதனுள் வில்சுருளோ அடைத்த காற்றோ வைத்து, மேடுபள்ளத்தின் அதிர்ச்சி கையை எட்டாதவாறு செய்துள்ளனர். நான்காவது பிரேக். சக்கரத்தின் விளிம்பைப் பற்றும் பழைய பிரேக் மழையில் நனைந்தால் வழுக்கும். ஆகவே சக்கரத்தின் நடுவே ஒரு தகட்டைப் பொருத்தி, அதனை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் முறை இப்போது பெருவழக்காயிற்று.

இக்கருவி தோன்றிய கதையும் அறியத்தக்கதே. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே தமால்பைஸ் என்றொரு மலை உண்டு. 1970-களில் அங்குள்ள இளைஞர் சிலர், இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட பழைய பருத்த டயர் வண்டிகளைத் தேடி வாங்கி, மலைவழியே கீழ்நோக்கி ஓட்டி மகிழ்ந்தனர். மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் பிரேக்கே அவ்வண்டிகளில் இருந்தது. நெடிய இறக்கத்தில் அது சூடேறி, சக்கர மையத்திலுள்ள மசகு புகைந்து தீரும். ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் புதிதாக மசகு அடைக்க வேண்டியதாயிற்று. 'மீண்டும் அடைத்தல்' என்னும் பொருளில் அவ்வழிக்கே 'ரீபேக்' எனப் பெயர் வழங்கலாயிற்று. 1976-இல் அங்கே முதற் பந்தயம் நடந்தது. 1981-இல் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்ட மலை மிதிவண்டி விற்பனைக்கு வந்தது. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. இருபது ஆண்டிற்குள் ஒரு பொழுதுபோக்கு உலக விளையாட்டாகிவிட்டது.

இக்கதைக்கு மற்றொரு பகுதியும் உண்டு. அதே தமால்பைஸ் மலைப்பகுதியில், நடப்போரும் குதிரையில் செல்வோரும் மிதிவண்டியின் விரைவைக் கண்டு அஞ்சினர். பாதைகள் அரிக்கப்படுகின்றன என்ற குறையும் எழுந்தது. 1980-களில் அங்குள்ள குறும்பாதைகள் பல மிதிவண்டிக்கு மூடப்பட்டன. விளையாட்டு பிறந்த மலையே அதற்குக் கதவடைத்தது. நம் மலையடி ஊர்கள் இதிலிருந்து கற்கவேண்டிய பாடம் பெரிது. நம்பிக்கை குலைந்தபின் வழியைத் திறப்பது கடினம். குலையாமல் காப்பது எளிது.

நமக்கும் இக்கருவி முற்றிலும் புதிதன்று. 1951-ஆம் ஆண்டு முதல் சென்னை அம்பத்தூரிலேயே மிதிவண்டிகள் செய்யப்பட்டு வருகின்றன. கடற்கரையிலிருந்து மீன்கூடையைப் பின்னே கட்டிக்கொண்டு, ஏற்றத்தில் தள்ளியும் இறக்கத்தில் ஏறி ஓட்டியும், வெயில் ஏறுமுன் மலையடிச் சந்தைகளை அடைந்த வியாபாரிகளை முதியோர் மறந்திரார். பற்சக்கர மாற்றமோ அதிர்ச்சி தாங்கும் கவையோ அவர்களிடம் இல்லை. வழியின் ஒவ்வொரு கல்லையும் அறிந்திருந்த அறிவே அவர்களுக்குத் துணைநின்றது.

மண்ணும் மழையும்

பனச்சமூட்டுப் பகுதிக்கு ஆண்டில் இருமுறை மழைக்காலம் வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நிலமோ செம்மண்ணும் வெட்டுக்கல்லும் கலந்தது. உலர்ந்தால் கல்போல் இறுகும்; நனைந்தால் சேறாகக் கரையும். இத்தகைய மண்ணில் வழியொன்று நிலைத்திருப்பதும் அழிவதும் நீரைப் பொறுத்ததே.

வழி அழிவது எவ்வாறு என்பதைக் காண்போம். இறக்கத்தில் விரைந்து வருபவர் பின்பிரேக்கைத் திடீரென இறுக்குகிறார். சக்கரம் உருளாமல் நின்று, மண்ணை இழுத்துக்கொண்டு சறுக்குகிறது. ஒரு விரல் ஆழத்திற்கு ஒரு கோடு விழுகிறது. அடுத்த மழையில் நீர் அக்கோட்டைத் தேடி ஓடுகிறது. பத்து மழையில் கோடு சாலாகிறது. ஓராண்டில் சால் ஓடையாகிறது. அதன்பின் முதியவர் ஒருவர் தலையில் சுமையோடு அவ்வழியே இறங்க இயலாது. அவர் ஓரமாக நடக்கத் தொடங்குகிறார், வழி அகல்கிறது, மேலும் மண் கரைகிறது.

இதனைத் தடுக்கும் முறைகளை உலகெங்கும் தடம் அமைப்போர் வகுத்துள்ளனர். மலைச்சரிவில் நேர்கீழாக வழி வெட்டலாகாது. சரிவைக் குறுக்கே தழுவிச் செல்ல வேண்டும். நூறு அடி தூரத்தில் ஏற்றம் சராசரி பத்து அடிக்கு மேற்படலாகாது. வழியின் சாய்வு, அது செல்லும் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் இருத்தலும் ஆகாது. எடுத்துக்காட்டாக, நூறு அடிக்கு 16 அடி சாயும் மென்சரிவில், எட்டு அடிக்கு மேல் சாயும் வழியை அமைத்தால், நீர் வழியைக் குறுக்கே கடவாமல் வழியோடே ஓடத் தொடங்கிவிடும். வழியின் மேற்பரப்பு பள்ளத்தை நோக்கிச் சிறிதளவு சாய்ந்திருக்க வேண்டும். நெடிய இறக்கத்தின் நடுவே ஆங்காங்கே ஒரு சிறு ஏற்றம் வைத்தால், நீர் அவ்விடத்தில் நின்று ஓரமாக இறங்கிப் போகும்.

நம் ரப்பர்த் தோட்டங்களில் மரங்களை மலையின் சமமட்டத்தில் வரிசையாக நட்டு, அவ்வரிசைக்கேற்பப் படித்தட்டுகள் வெட்டியிருக்கின்றனர். சரிவைக் குறுக்கே தழுவிச் செல்லும் இத்தட்டுகளைக் காண்போர்க்கு, மிதிவண்டித் தடம் தானாகவே அமைந்துகிடப்பதாகத் தோன்றும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மழைநீர் வேரடியில் தங்க வேண்டும் என்பதற்காக இத்தட்டுகள் மலைப்பக்கமாக உட்சாய்வுடன் அமைக்கப்பட்டவை. நீரை வெளியேற்றுவதற்கன்று, தேக்குவதற்கே உண்டானவை. ஆகவே மழைக்காலத்தில் அவை நெகிழ்ந்து கிடக்கும். அப்போது சக்கரம் ஏறினால் தட்டின் விளிம்பு இடியும். பல ஆண்டு உழைப்பு ஒரு நாள் விளையாட்டிற் கரைந்துபோகும்.

மலைமண் எத்தகையது என்பதை இப்பகுதி மக்கள் துயரத்தின் வாயிலாக அறிந்திருக்கின்றனர். வெள்ளறடைக்கு அப்பாலுள்ள அம்பூரியில் 2001-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் பெருமழையில் நிலம் சரிந்து, ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். மிதிவண்டியின் சக்கரக்கோடு மலையைச் சரித்துவிடும் என்று கூறுவது நம் கருத்தன்று. மழைநீர் செல்லும் வழியை மதியாதவனை மலை பொறுப்பதில்லை என்பதே கருத்து. மழை பெய்த மறுநாள் வண்டியை வீட்டுத் திண்ணையிலேயே நிறுத்தி வைத்தல் இவ்விளையாட்டின் முதல் ஒழுக்கமாகும்.

மூவகை வழிகள்

பனச்சமூட்டிலிருந்து செல்லும் வழிகளை மூவகையாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதல்வகை ஊர்ச்சாலைகளும் தோட்டவழிகளும். வெள்ளறடை, அம்பூரி நோக்கிச் செல்லும் ஏற்றங்களும், அருமனை, கடையாலுமூடு வழியாகத் திற்பரப்பு நோக்கிச் செல்லும் வளைவுகளும் இவ்வகையின. ஊர்ச்சாலை எல்லார்க்கும் பொது. தோட்டவழி அவ்வாறன்று, உடையவரின் இசைவு வேண்டும். உடையவர் இசைந்தாலும், அங்கே உழைப்பவரின் நேரத்தை அறிதல் வேண்டும். விடியுமுன் குளிர்ந்த வேளையில் ரப்பர் மரத்தில் பால் நன்கு சுரக்கும். ஆகவே தொழிலாளர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருளிலேயே வெட்டத் தொடங்குவர். சில மணி நேரம் கழித்து, சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றியவாறு அதே தட்டுகளில் திரும்பி வருவர். அவ்வேளையில் வளைவிலிருந்து ஒரு வண்டி விரைந்து வந்து மோதுமாயின், சிந்துவது ஒரு குடும்பத்தின் அன்றைய கூலி. பால் எடுத்து முடியும் வரை தோட்டவழி தொழிலாளருக்கே உரியது என்று கொள்ளல் முறை.

இரண்டாம்வகை ஆற்றோரமும் 'சானல்' கரையும். கால்வாயைச் சானல் என்பது இப்பகுதி வழக்கு. கரைகள் சமமட்டத்தில் செல்வதால், புதிதாகப் பழகுவோர்க்கும் சிறுவர்க்கும் இவை ஏற்றவை. திருவட்டாற்றுப் பக்கம் செல்வோர், 1966-இல் கட்டிமுடிக்கப்பட்ட மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைக் காணலாம். 115 அடி உயரத்தில், பறளியாற்றின் பள்ளத்தாக்கைக் கடந்து, ஒரு மலையிலிருந்து மறுமலைக்கு நீரைச் சுமந்து செல்லும் பாலம் அது. அங்கே வண்டியை விட்டு இறங்கி நடந்து செல்வதே தகும்.

சானலைப் பற்றிப் பேசுங்கால் ஒரு குறையையும் கூறாமல் விடுவதற்கில்லை. நெய்யாற்று இடதுகரைச் சானல் விளவங்கோடு வட்டத்து வயல்களுக்கும் நீர் கொண்டுவந்தது. 2004-ஆம் ஆண்டில் அந்நீர் நின்றது. 2012-இல் தமிழ்நாட்டரசு உச்சநீதிமன்றத்தை அணுகியது. வறண்ட சானலின் கரை சக்கரத்திற்கு வசதியாக இருக்கலாம். அதற்காக அவ்வறட்சியை நாம் விரும்பலாமா? சானல் நீர் பாய்வதற்கே வெட்டப்பட்டது. நீர் வரும் நாளில் கரை உறுதியாக இருக்க வேண்டும் என்னும் நினைவோடு அதன்மேல் ஓட்டுபவரே அவ்வழிக்கு உரிய விருந்தினர்.

மூன்றாம்வகை காட்டுவழி. நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் 1958-இல் அமைந்தது. பரப்பு 128 சதுர கிலோமீட்டர். எல்லைக்கு இப்பால் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் ஏறத்தாழ 402 சதுர கிலோமீட்டர் பரந்துள்ளது. இவையெல்லாம் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தைச் சார்ந்தவை. அக்காப்பகம் 2016-இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பிற் சேர்க்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்தினுள் இசைவுச்சீட்டின்றி நுழைதல் குற்றமாகும். அகத்தியர்கூடத்திற்கு ஆண்டுதோறும் குறித்த பருவத்தில், வனத்துறையின் இசைவோடும் வழிகாட்டியோடும் நடந்தே செல்ல வேண்டியுள்ளது. எனவே சோதனைச்சாவடி காணும் இடத்தில் மிதிவண்டியின் வழி முடிகிறது என்று எண்ணிக்கொள்ளல் வேண்டும்.

இது வெறும் கட்டளை அன்று, காரணம் உடையது. காட்டில் நடப்பவன் ஓசை எழுப்புகிறான், மெல்லச் செல்கிறான், யானை அவனை முன்னரே அறிந்து விலகுகிறது. மிதிவண்டியோ ஓசையின்றி விரைந்து செல்வது. வளைவைக் கடந்ததும் யானையின் முன்னே போய் நிற்கும் நிலை நேரும். திடுக்குற்ற யானை தாக்குவது இயல்பு. மாசு உண்டாக்காத வண்டி ஆயிற்றே என்று நாம் வாதிடலாம். யானை அவ்வாதத்தைக் கேட்டுக்கொண்டு நில்லாது.

வழி யாருடையது?

இக்காடுகளில் காணிக்காரர் எனப்படும் பழங்குடி மக்கள் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். நெய்யாற்று அணை கட்டப்பட்டு நீர் தேங்கியபின், அம்பூரிப் பக்கத்துக் காணிக்குடிகள் சில, சந்தைக்கும் பள்ளிக்கும் வருவதற்கு நெடுங்காலம் தோணியையே நம்பியிருந்தன. நகரத்தார்க்கு விளையாட்டாகத் தோன்றும் வழி, அவர்களுக்கு மருந்திற்கும் அரிசிக்குமான வழி.

அவர்களைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று ஈண்டு நினைக்கத்தக்கது. 1987-இல் அகத்தியமலையில் ஆய்வு செய்யச் சென்ற அறிவியலாருக்குக் காணிக்காரர் வழிகாட்டினர். களைப்பின்றி நடந்த அவர்கள் அவ்வப்போது ஏதோ ஒரு காயைத் தின்பதை அறிவியலார் கவனித்தனர். கேட்டறிந்தபோது அது ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் காய் என்பது தெரிந்தது. பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் பின்னர் அச்செடியிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கிற்று. உரிமத் தொகையிற் பாதியைக் காணி மக்களுக்கு அளிப்பதென்றும் முடிவு செய்யப்பட்டது. வழிகாட்டியவனுக்கும் பலனில் பங்கு உண்டு என்னும் நெறியை உலகிற்கு எடுத்துக்காட்டிய முயற்சி அது.

மிதிவண்டிக்கும் இந்நெறி பொருந்தும். ஊர்வழியைக் காட்டும் இளைஞருக்கு உரிய கூலி, சந்தைக் கடையில் சிற்றுண்டி, இடிந்த தட்டைச் சீர்செய்ய ஒருநாள் மண்வெட்டி வேலை ஆகிய இவை மூன்றும் ஓட்டுபவர் செலுத்த வேண்டிய வரி என்று கொள்ளலாம். ஊரில் கேட்டறியாமல், தொலைபேசியின் படத்தில் ஒரு கோட்டைக் கண்டு அதன்வழியே புகுவதை நாம் ஏற்பதற்கில்லை. அக்கோட்டில் ஒரு வீட்டு முற்றமோ சுடுகாடோ குறுக்கிடலாம். குருசுமலையிலும் காளிமலையிலும் அடியார் வெறுங்காலோடு ஏறும் வழிகள் உண்டு. வழிபாட்டு வழியில் வண்டியை ஏற்றாமல் அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நடப்பதே பண்பாடு.

வழியில் எதிர்ப்படுவோர்க்கு முதலிடம் தரும் முறையும் எளிதே. சுமை தூக்கியவருக்கும் முதியவருக்கும் இறங்கி நின்று வழிவிடுக. ஏற்றத்தில் வருபவருக்கு இறக்கத்தில் வருபவர் ஒதுங்குக. வளைவுக்கு முன் மணியடிக்க. தலைக்கவசமின்றி ஏறற்க. பாசி படிந்த பாறையில் பிரேக்கை இறுக்கற்க. ஒட்டுப்போடும் பொருளும் காற்றடிக்கும் குழலும் குடிநீரும் உடன்கொள்க. சருகு உலர்ந்து கிடக்கும் பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களில் தீக்குச்சி கிழிக்கவே வேண்டா. டிசம்பர் இறுதியில் மழை ஓய்ந்தபின் வரும் வாரங்களே இங்கு ஓட்டுவதற்கு உகந்த காலம். மண் இறுகியிருக்கும், ஓடையில் நீரும் இருக்கும்.

முடிவாக ஒன்று. வழி என்பது நடப்பாரின்றிப் போனால் முட்செடி மூடி மறையும். நடப்பார் நெறியின்றிப் போனாலும் அரித்துப் பாழாகும். எல்லையோர ஊர்வழிகளில் சில இன்று கான்கிரீட்டின் கீழ் மறைந்துவிட்டன. சில, கால்நடையாகச் செல்வோர் குறைந்தமையால் புதர் மண்டிக் கிடக்கின்றன. மிதிவண்டி ஏறி வரும் இளைஞர், ஊராரின் இசைவோடும் மழையின் இசைவோடும் வருவாராயின், அவ்வழிகள் மீண்டும் உயிர்பெறக்கூடும். இரு மாநிலத்துப் பிள்ளைகளும் ஒரே தடத்தில் ஓட்டிப் பழகுவராயின், எல்லைக்கோட்டிற்கு அப்பாலுள்ளவர் அயலார் அல்லர் என்பதையும் உடன் அறிந்துகொள்வர்.

ஆகவே, அடுத்த விடுமுறையில் ஊர் திரும்பும் அன்பர்கள் தம் பிள்ளைகளின் வண்டியையும் உடன் கொணர்க. வந்த அன்றே ஏறி ஓட்டவிடாமல், முதல்நாள் அவ்வழியே அவர்களை நடத்தி அழைத்துச் செல்க. எந்தத் தட்டு யாருடையது, எந்த ஓடை எங்கே பெருகும், எந்த வளைவில் பாட்டி சுள்ளி சுமந்து வந்தார் என்பதைச் சொல்லிக் காட்டுக. நடந்து அறிந்த வழியில் ஓட்டும் பிள்ளை தானாகவே வேகத்தைக் குறைக்கும்.